நிலாவை எந்த நேரத்தில் கேட்பது?

சில வருஷங்களுக்கு முன் ஒரு பங்குனியில், காலை ஆறரை மணிக்குத் திருவையாற்றிலிருந்து அத்தை போன் செய்தாள்.

"ஏன்டா, ஏகாதசி இன்னிக்கா, நாளைக்கா? பக்கத்தாத்து மாமி நாளைக்குங்கறா. நான் இன்னும் அடுப்பே மூட்டலை."

"ரெண்டு பேர் சொல்றதும் சரிதான் அத்தை. உனக்கு இன்னிக்கு, மாமிக்கு நாளைக்கு."

"நடுவுல ஒரே சுவர்தான்டா இருக்கு. நிலா ரெண்டா இருக்கு?"

நிலா ஒன்றுதான். அதை எந்த நேரத்தில் பார்த்துக் கணக்கெடுக்கிறோம் என்பதுதான் வீட்டுக்கு வீடு மாறுகிறது. காவிரிப் படுகையில் மாசிக் கடைசியிலிருந்து வைகாசி வரை வாரத்துக்கு ஒரு விரதமும் பத்து நாளுக்கு ஒரு தேருமாக வந்துகொண்டே இருக்கும். தேதிக் குழப்பமும் கூடவே வரும். பஞ்சாங்கத்தைத் திட்டுவதற்கு முன், அது என்ன கேள்விக்குப் பதில் சொல்கிறது என்று பார்த்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

சூரியனும் நிலாவும் ஒரே திசையில் வந்து நிற்கிற கணம் அமாவாசை. அங்கிருந்து நிலா சூரியனை 12 பாகை முந்திவிட்டால் முதல் திதியான பிரதமை முடிந்தது. 24 பாகை முந்தினால் துவிதியை முடிந்தது. இப்படி 30 திதிகளில் முழு வட்டம் சுற்றி, மறுபடி சூரியனைப் பிடித்துவிடும். நிலா ஒரே சீராக ஓடுவதில்லை. பூமிக்குப் பக்கத்தில் வரும்போது வேகம், தள்ளிப் போகும்போது நிதானம். அதனால் ஒரு திதி 19 மணி நேரத்திலும் முடியலாம், 26 மணி நேரத்துக்கு மேலும் இழுக்கலாம். விடியற்காலையில் தொடங்கி மறு விடியலில் முடிய வேண்டும் என்ற கட்டாயம் அதற்கு இல்லை. மத்தியானம் இரண்டே காலுக்கு ஏகாதசி பிறக்கும், நடுராத்திரியில் அஷ்டமி முடியும்.

நமக்கு நாள் என்பது சூரிய உதயத்திலிருந்து உதயம் வரை. ஒரே நாளுக்குள் இரண்டு திதி இருந்தால் அந்த நாளை எதன் பேரில் எழுதுவது? சாதாரணமாக உதயத்தில் இருக்கிற திதியே அந்த நாளின் திதி. ஆனால் விரதங்கள் உதயத்தோடு திருப்திப்படுவதில்லை. பிரதோஷத்துக்குச் சூரியன் மறையும் வேளையில் திரயோதசி இருக்க வேண்டும். காலையில் துவாதசியாக இருந்தால்கூட அதற்குக் கவலை இல்லை. சங்கடஹர சதுர்த்திக்கு நிலா எழும்போது, அதாவது இரவு 9 மணியை ஒட்டி, தேய்பிறைச் சதுர்த்தி நடக்க வேண்டும். மகா சிவராத்திரி கேட்பது நடுநிசியை. அமாவாசைத் தர்ப்பணத்துக்குப் பிற்பகல். காலண்டர் தாளில் 'அமாவாசை' என்று ஒரு நாளும், தர்ப்பணம் செய்யும் நாள் என்று முந்தின நாளும் அச்சாகியிருப்பதைப் பார்த்து அச்சுப்பிழை என்று நினைப்பவர்கள் உண்டு. பிழை இல்லை. கேட்ட நேரம் வேறு, அவ்வளவுதான்.

அத்தை வீட்டு ஏகாதசிக்கு வருவோம். அன்றைக்குத் தசமி விடியற்காலை 5 மணிக்கு முடிந்திருந்தது. சூரிய உதயம் 6.10. ஸ்மார்த்தரான அத்தைக்கு உதயத்தில் ஏகாதசி இருக்கிறது, அதனால் விரதம் இன்றைக்கே. வைஷ்ணவரான மாமிக்கு அது போதாது. உதயத்துக்கு 4 நாழிகை முன்பே ஏகாதசி வந்திருக்க வேண்டும். ஒரு நாழிகை 24 நிமிடம், ஆக 96 நிமிடம். 6.10இலிருந்து கழித்தால் 4.34. அந்த நேரத்தில் தசமி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. தசமி தொட்ட ஏகாதசி அவர்களுக்கு ஆகாது, ஆகவே விரதம் மறுநாளுக்குப் போய்விடும். 26 நிமிடம்தான் வித்தியாசம். ஒரு வீட்டில் பட்டினி, அடுத்த வீட்டில் வத்தக்குழம்பு வாசனை.

இதிலிருந்து இன்னொன்றும் புரியும். திதி பிறக்கிற கணம் உலகம் முழுக்க ஒன்று. உதயம்தான் ஊருக்கு ஊர் மாறும். அமெரிக்காவில் இருக்கிற பிள்ளைக்குக் கும்பகோணத்துக் காலண்டரை போட்டோ எடுத்து அனுப்பினால், அவன் தப்பான நாளில் பட்டினி கிடக்க எல்லா வாய்ப்பும் உண்டு.

திதி இப்படி நிலாவின் கையில் இருக்க, மாசம் யார் கையில்? தமிழ்நாட்டில் அது சூரியன் கையில். சூரியன் மீனத்துக்குள் நுழைந்தால் பங்குனி, மேஷத்துக்குள் நுழைந்தால் சித்திரை. ஆனால் பெயர்களைப் பாருங்கள். உத்திர பல்குனியில் நிலா நிறைகிற மாசம் பால்குனம், அதுவே பங்குனி. சித்திரை நட்சத்திரத்தில் நிறைந்தால் சைத்திரம், நமக்குச் சித்திரை. விசாகத்தில் நிறைந்தால் வைசாகம், நமக்கு வைகாசி. நிலாவின் பெயரைச் சூரியனுக்குப் போட்டு வைத்திருக்கிறோம். தெலுங்கு, மராத்தி பேசுகிறவர்கள் நிலாவின் மாசத்தையே பிடித்துக்கொண்டார்கள். நாயக்கரும் மராத்தியரும் ஆண்ட தஞ்சாவூர்ச் சீமையில் இரண்டு கணக்கும் ஒரே தெருவில் குடியிருக்கின்றன. யுகாதிப் பச்சடி ஒரு வீட்டில், சில நாளோ சில வாரமோ கழித்துச் சித்திரைக் கனி எதிர் வீட்டில்.

ராமநவமி நிலாவின் கணக்கில் வருவது, சைத்திர சுக்கில (வளர்பிறை) நவமி. 2023இல் அது மார்ச் 30, பங்குனி. 2024இல் ஏப்ரல் 17, சித்திரை 4. 2025இல் ஏப்ரல் 6, மறுபடி பங்குனி. நிலாவின் 12 மாசம் சேர்த்தால் 354 நாள்தான், சூரிய வருஷத்துக்கு 11 நாள் குறைவு. ஆகவே ஒவ்வொரு வருஷமும் பண்டிகை 11 நாள் முன்னால் நழுவும். நழுவி நழுவி ஒரு மாசம் சேர்ந்ததும், ஏறத்தாழ 33 மாசத்துக்கு ஒரு தடவை, ஓர் அதிக மாசத்தைச் செருகிச் சரிக்கட்டுவார்கள். 2023க்கும் 2024க்கும் இடையில் ராமநவமி பின்னால் தாவியது அதனால்தான். கும்பகோணம் ராமசாமி கோயிலில் திருவிழாப் பந்தல் போடுகிறவருக்கு இந்தக் கணக்கு தெரிய வேண்டியதில்லை. ஆனால் பானகத்துக்கு வெல்லம் வாங்குகிறவருக்குத் தெரியும், எந்த வருஷம் வெயில் எவ்வளவு என்று.

2026 இன்னும் வேடிக்கையானது. அந்த வருஷம் மே 1 பௌர்ணமி நமக்குச் சித்திரா பௌர்ணமி. நிலாக் கணக்குக்காரர்களுக்கு அது வைசாகப் பௌர்ணமி, புத்த பூர்ணிமா. அவர்களுடைய சைத்திரப் பௌர்ணமி ஏப்ரல் 2இலேயே, நம்முடைய பங்குனியில் முடிந்துபோனது. மே 17 முதல் ஜூன் 15 வரை அவர்களுக்கு அதிக மாசம், நல்ல காரியங்களைத் தள்ளிவைக்கிற மாசம். நம்முடைய வைகாசி விசாகம் அதற்கு நட்ட நடுவில் விழுகிறது. சுவாமிமலைக்குப் பால்குடம் எடுக்கிறவர் யாரும் அதைப் பொருட்படுத்தப் போவதில்லை. மாசம் சூரியனுடையது, நாள் நட்சத்திரத்துடையது, திதிக்கு அங்கே வேலையே இல்லை.

இந்த 'சூரிய மாசம், நட்சத்திர நாள்' என்ற முறைதான் இங்கே கோயில் திருவிழாக்களின் முதுகெலும்பு. புதிதும் இல்லை. சீர்காழிச் சம்பந்தர் 7ஆம் நூற்றாண்டில் மயிலாப்பூரில் பாடிய பூம்பாவைப் பதிகத்தில் ஐப்பசி ஓணம், கார்த்திகை, ஆதிரை, தைப்பூசம், பங்குனி உத்திரம் என்று வரிசையாக வருவதெல்லாம் இந்தக் கணக்குத்தான்.

சூரியன் மீனத்தில் இருக்கும்போது அதற்கு நேர் எதிரே கன்னி. உத்திரம் சிம்மத்தின் கடைசியில் தொடங்கி அங்கேதான் படர்ந்திருக்கிறது. அதனால் பங்குனியில் உத்திரத்துக்கு வருகிற நிலா முழுதாகவோ, முழுதாக ஒன்றிரண்டு நாள் குறைவாகவோ இருக்கும். நிலா 27 நட்சத்திரத்தையும் சுற்றிவர 27 நாளும் சொச்சமும் ஆகிறது, மாசத்துக்கு 30 நாள். ஆகவே சில பங்குனியில் உத்திரம் இரண்டு தடவை வரும். பௌர்ணமியை ஒட்டியதை எடுத்துக்கொள்வார்கள்.

இந்தக் கணக்கு கதையாகவே நடப்பதை ஸ்ரீரங்கத்தில் பார்க்கலாம். உறையூர் கமலவல்லி நாச்சியாருக்கு நட்சத்திரம் ஆயில்யம். பங்குனித் திருவிழாவின் ஆறாம் நாள், ஆயில்யத்தன்று, ரங்கநாதரின் உற்சவரான நம்பெருமாள் பல்லக்கில் உறையூருக்குப் போய் அவளோடு சேர்த்தி காண்கிறார், அதாவது ஒன்றாக வீற்றிருக்கிறார். ஆயில்யத்துக்கு அப்புறம் மகம், பூரம், உத்திரம். சரியாக மூன்றாம் நாள், ரங்கநாயகித் தாயாரின் உத்திரத்தன்று, ஒன்றும் தெரியாதவர்போல வீட்டுக்கு வருகிறார். போன இடத்தில் மோதிரத்தைத் தொலைத்துவிட்டாராம். தாயார் கதவைச் சாத்திவிடுகிறாள். பூவாலும் வாழைமட்டையாலும் அடி விழுகிறது, அதற்கு மட்டையடி என்றே பெயர். நம்மாழ்வார் வந்து சமாதானம் செய்தபின் வருஷத்துக்கு ஒரே தடவை இருவருக்கும் சேர்த்தி சேவை. ராமானுஜர் கத்யத்ரயம் என்ற துதிகளைச் சொன்னதும் அந்தச் சேர்த்தியில்தான் என்பார்கள். சேர்த்திக்கும் சண்டைக்கும் நடுவில் எத்தனை நாள் இடைவெளி என்பதை நிலாவே அளந்து கொடுக்கிறது.

அதே ஆயில்யம்தான் திருவாரூரில் ஆழித்தேருக்கும். அலங்காரத்தோடு 96 அடி உயரம், 300 டன் எடை. 2025இல் ஏப்ரல் 7 அன்று ஓடியது, ஆயில்யம். ஒரு பக்கம் பெருமாள் மாமியார் வீட்டுக்குக் கிளம்ப, இன்னொரு பக்கம் தியாகராஜர் தேரில் ஏற, இரண்டுக்கும் வானத்தில் ஒரே அடையாளம். பங்குனி உத்திரச் செலவும் அந்த ஊருக்குப் பழையது. மனைவி பரவையாரின் உத்திரத் திருநாள் செலவுக்குப் பொன் வேண்டும் என்றுதான் சுந்தரர் திருப்புகலூருக்குப் போனார். தலைக்கு வைத்துப் படுத்த செங்கல் பொன்னாயிற்று என்கிறது பெரியபுராணம். நாம் கைமாற்று வாங்குகிறோம்.

சரி, வசந்தத் திருவிழா என்றாலே முழுநிலா என்று முடிவுகட்டிவிடக் கூடாது. ஸ்ரீரங்கத்தின் சித்திரைத் தேர் ரேவதியில். மேஷத்தில் சூரியன் இருக்க, மீனத்தின் கடைசியில் இருக்கிற ரேவதிக்கு நிலா வரும்போது அமாவாசைக்கு ஓரிரு நாள் முன்னால் இருக்கும், அநேகமாக இருக்காது என்றே சொல்லலாம். 2024இல் மே 6, 2025இல் ஏப்ரல் 26 என்று தேர் ஓடியது, இரண்டும் அமாவாசையை ஒட்டி. முந்தின ராத்திரி சுற்றுவட்டாரக் கிராமத்து ஜனங்கள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்குவது கும்மிருட்டில். நம்பெருமாளுடைய நட்சத்திரம் ரேவதி, அதனால் அந்த நாள். வெளிச்சத்துக்காக வைத்ததல்ல.

நிலாவையே கேட்காத விரதங்களும் இதே பருவத்தில் இருக்கின்றன. காரடையான் நோன்பு மாசி முடிந்து பங்குனி பிறக்கும் கணத்துக்கு உரியது. சூரியன் மீனத்தில் காலெடுத்து வைக்கிற நேரம், மார்ச் 14 அல்லது 15. அது வருஷத்துக்கு 6 மணி நேரமும் கொஞ்சமும் தள்ளிப்போகும். ஒரு வருஷம் நண்பகல், அடுத்த வருஷம் சாயங்காலம், அதற்கடுத்தது நடுராத்திரி தாண்டி. எங்கள் வீட்டில் ஒரு தடவை விடியற்காலை மூன்றரைக்கு நோன்பு. பாட்டி இட்லிப்பானையில் வாழையிலை பரப்பி, வறுத்த அரிசிமாவில் காராமணியும் தேங்காய்ப்பல்லும் போட்டுத் தட்டிய அடையை அடுக்கிவிட்டு, சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெல்ல அடை ஒரு தட்டு, உப்படை ஒரு தட்டு, பக்கத்தில் உருக்காத வெண்ணெய். 'மாசிக்கயிறு பாசி படியும்' என்பது அவள் வேதவாக்கு. மாசி மிச்சமிருக்கும்போதே கழுத்தில் சரடு ஏற வேண்டும். கடிகாரம் ஐந்து நிமிடம் மெதுவாக ஓடுகிறது என்று அப்பா மறுநாள்தான் சொன்னார். பாட்டியிடம் சொல்லவில்லை.

அதைவிட விசித்திரமானது கொள்ளிடத்துக்கு வடகரையில், சமயபுரத்தில். அங்கே விரதம் இருப்பது அம்மன். மாசிக் கடைசி ஞாயிறன்று பூச்சொரிதல் தொடங்கும். அன்றிலிருந்து 28 நாள் மாரியம்மன் பக்தர்களுக்காகப் பச்சைப் பட்டினி. தளிகை கிடையாது. துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர், பழம், இவ்வளவுதான் நைவேத்தியம். அப்புறம் சித்திரை முதல் செவ்வாயில் தேர். ஞாயிறும் செவ்வாயும் சூரிய மாசமும் சேர்ந்தால் போதும், அஷ்டமியா நவமியா என்று யாரும் பார்ப்பதில்லை. வயலில் இறங்குகிற ஜனத்துக்கு விரலிலேயே எண்ணிக்கொள்ளக்கூடிய கணக்கு இது. எனக்கு இதன்மேல் தனி மரியாதை உண்டு.

பஞ்சாங்கமே இரண்டாக இருப்பது அடுத்த தலைவலி. வாக்கியப் பஞ்சாங்கம் நிலாவின் இருப்பிடத்தை மனப்பாட வாக்கியங்களால் கணிக்கிறது. மொத்தம் 248 வாக்கியம், நாளுக்கு ஒன்று. 248 நாளில் நிலா தன் வேகமும் நிதானமுமான சுழற்சியை ஏறத்தாழ மிகச் சரியாக 9 தடவை முடித்துவிடுகிறது, அதனால் மறுபடி முதல் வாக்கியத்திலிருந்து தொடங்கலாம். ஒவ்வொரு வாக்கியத்தின் எழுத்துக்களுக்குள்ளும் எண்கள் ஒளிந்திருக்கும். 1825இல் புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் தரையில் சோழிகளைப் பரப்பி, தாளும் எழுதுகோலும் இல்லாமல், வரப்போகிற சந்திர கிரகணத்தைக் கணக்கிட்டுக் காட்டியதை ஜான் வாரன் என்ற அதிகாரி பதிவு செய்திருக்கிறார். கிரகணத் தொடக்கத்தில் பிழை 4 நிமிடம், நடுவில் 23, முடிவில் 52. சோழிக்கு அது மோசமே இல்லை.

திருக்கணிதம் இன்றைய வானியல் அளவுகளைப் போட்டுத் திருத்திய கணக்கு. வானத்தில் தொலைநோக்கி வைத்துப் பார்த்தால் அதுதான் பொருந்தும். இரண்டுக்கும் திதி முடிவில் சில மணி நேரம் வித்தியாசம் வருவதுண்டு, கிரகங்களில் இன்னும் அதிகம். 2025 மார்ச் 29 அன்று திருக்கணிதப்படி சனி மீனத்துக்குப் பெயர்ந்தது. தொலைக்காட்சியெல்லாம் பலன் சொல்லி முடித்திருக்க, திருநள்ளாறு கோயில் நிர்வாகம் தங்களுக்கு வாக்கியம்தான், பெயர்ச்சி 2026இல் என்று அறிவித்துவிட்டது. ரயிலுக்கு டிக்கெட் எடுத்தவர்கள் பாடு திண்டாட்டம். கணிதத்தில் திருக்கணிதம் சரி என்றே நினைக்கிறேன். ஆனால் ஒரு கோயில் நூற்றாண்டுகளாக ஒரு கணக்கில் ஓடிவந்திருக்கும்போது, அந்தக் கோயிலின் நாள் அந்தக் கணக்கின்படிதான் வரும். வேறு எங்கே போய்க் கேட்பது?

வானம் ஒரு பக்கம் இருக்கட்டும், கீழே மண்ணையும் பார்க்க வேண்டும். வசந்தம் என்றதும் தளிரும் குயிலும் நினைவுக்கு வரலாம். இங்கே பங்குனி சித்திரையில் காவிரி மணல். மேட்டூர் அணை வழக்கப்படி ஜனவரி 28இல் மூடி ஜூன் 12இல் திறப்பது. தையிலும் மாசியிலும் சம்பா அறுவடை முடிந்துவிடும். வயலில் தரிசு உளுந்தும் பச்சைப்பயறும் மட்டும். கையில் நெல் விற்ற காசு, செய்ய வேலை குறைவு, சாலை காய்ந்து கிடக்கிறது. 300 டன் தேரை ஐப்பசிச் சேற்றில் இழுத்துப் பார்த்தால் தெரியும்.

திருவையாற்றின் ஏழூர்ப் பல்லக்கு இதற்கு நல்ல சாட்சி. பங்குனிப் புனர்பூசத்தில் திருமழபாடியில் நந்திக்குக் கல்யாணம். சித்திரை விசாகத்தை ஒட்டி, ஐயாறப்பர் புதுமணத் தம்பதியைக் கூட்டிக்கொண்டு பழனம், சோற்றுத்துறை, வேதிகுடி, கண்டியூர், பூந்துருத்தி, தில்லைஸ்தானம் என்று விருந்துக்குக் கிளம்புவார். பழனத்திலிருந்து சோற்றுத்துறைக்குப் போக வேண்டுமானால் காவிரியையும் குடமுருட்டியையும் தாண்ட வேண்டும். பல்லக்குத் தூக்கிகள் ஆற்று மணலில் கணுக்கால் புதையப் புதைய நடக்கிறார்கள். மத்தியான வெயிலில் அந்த மணல் பொரிகடலை வறுக்கலாம் போலிருக்கும். ஆற்றில் தண்ணீர் ஓடுகிற மாசத்தில் இந்த விருந்து நடக்காது. நாளைக் குறித்தவர்கள் நட்சத்திரத்தை மட்டும் பார்த்தார்களா, மதகையும் பார்த்தார்களா என்று எனக்கு ஒரு சந்தேகம் எப்போதும் உண்டு.

நிலாவின் வைசாகத்தில் தஞ்சாவூர்ப் பக்கத்து மெலட்டூர். நரசிம்ம ஜயந்தி சுக்கில சதுர்தசி, அதுவும் அந்தி நேரத்தில் இருக்க வேண்டிய சதுர்தசி. ஹிரண்யனுக்குப் பகலிலும் சாவில்லை, இரவிலும் சாவில்லை என்று வரம், அதனால் அந்தி. விரதத்துக்குக் குறித்த நேரமே கதையிலிருந்து வந்தது. அன்று ராத்திரி பாகவத மேளா என்ற நாட்டிய நாடகத்தில் பிரகலாத சரித்திரம். நரசிம்ம முகமூடி போடுகிறவர் பகல் முழுக்கப் பட்டினி. நாடகம் தொடங்கவே ராத்திரி வெகுநேரம் ஆகும். விடியற்காலையில்தான் தூண் பிளக்கும். முன்வரிசையில் பாதிப்பேர் தூங்கியிருப்பார்கள், அந்த உறுமலில் எல்லோரும் எழுந்துவிடுவார்கள்.

அத்தையின் ஏகாதசியைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். மறுநாள் துவாதசிப் பாரணைக்கு, அதாவது விரதம் முடித்துச் சாப்பிட, அவளுக்கு அகத்திக்கீரை வேண்டும், கூடவே நெல்லிமுள்ளி, சுண்டைக்காய். கீரைக்காரம்மா காலையிலேயே கட்டோடு வாசலில் நின்றாளாம்.

"மாமி, உங்களுக்கு இன்னிக்குத்தானே? பக்கத்து வீட்டம்மாவுக்கு நாளைக்கு ஒரு கட்டு தனியா சொல்லி வெச்சிருக்கேன்."

எந்தப் பஞ்சாங்கம் பார்க்கிறாள் என்று அத்தை கேட்டிருக்கிறாள். பஞ்சாங்கமெல்லாம் இல்லையாம். நேற்று எந்தெந்த வீட்டில் குப்பையில் காய்த்தோல் இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் வந்தாளாம்.